கடற்பாசியின் குடை பாட்டிலில் வராது

சம்பா அறுவடை முடிந்து வயலில் உளுந்தும் பயறும் பருத்தியும் நிற்கும் காலம் வந்தால், காவிரிக் கடைமடையின் உரக்கடைகளில் ஒரு பேச்சு அடிபடத் தொடங்கும். "கடற்பாசி நாள் முழுவதும் வெயிலில் கிடந்தும் கருகுவதில்லை. அந்தப் பாசியின் சாறுதான் இது. தெளித்துப் பாருங்கள், உங்கள் பயிரையும் வெயில் தொடாது" என்பதே அந்தப் பேச்சு. யூரியா வாங்கச் சென்ற விவசாயி, சில வேளைகளில் யூரியாவோடு இந்தப் பாட்டிலையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்ப வேண்டியிருக்கிறது. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது சிறு செலவு அன்று.

கடற்பாசி வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்கிறது என்பது முழு உண்மை. பாசிச் சாற்றால் பயிருக்குச் சில நன்மைகள் உண்டு என்பதும் உண்மையே. ஆனால் பாசியின் காப்பு பாட்டிலுக்குள் அடைபட்டு வந்து நம் பயிர் மீது படிந்துவிடும் என்பது சரியல்ல. பாசி எவ்வாறு தன்னைக் காக்கிறது என்று தெரிந்துகொண்டால், எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பது தானே விளங்கும்.

கடலுக்குள்ளும் வெயில் உண்டு

வெயில் என்று நாம் ஒரே சொல்லால் சொல்வதில் மூன்று சங்கதிகள் அடங்கியுள்ளன. ஒன்று, பயிர் உணவு தயாரிக்கப் பயன்படும் வெளிச்சம். இரண்டாவது வெப்பம். மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். இந்தக் கதிரின் அலை நீளத்தை நானோமீட்டரில் அளக்கிறார்கள். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். 315 முதல் 400 வரை உள்ளது புற ஊதா 'ஏ'. 280 முதல் 315 வரை உள்ளது 'பி'. அதற்கும் குறைந்தது 'சி'. வானத்து ஓசோன் படலம் 'சி' கதிரை முழுவதும் தடுத்துவிடுகிறது. 'பி' கதிரில் பெரும்பகுதியைத் தடுக்கிறது. தப்பி வரும் சிறிதளவு 'பி' கதிரே உயிரணுவின் மரபுப் பொருளை, அதாவது டி.என்.ஏ.வைச் சிதைக்கும் வலிமை உடையது.

காரைக்கால் ஏறக்குறைய 11 பாகை வட அட்சத்தில் உள்ளது. ஏப்ரல் 18, 19 தேதிகளிலும், மறுபடியும் ஆகஸ்ட் 24-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நிலத்தில் நட்ட கழியின் நிழல் அதன் காலடியிலேயே அடங்கிவிடும். நம்மைப் போன்ற வெப்ப மண்டலத்தில் ஓசோன் படலமும் இயற்கையாகவே மெல்லியது. ஆகையால் புற ஊதாக் கதிர் இங்கு ஆண்டு முழுவதும் அதிகம். 1985-ல் தென் துருவத்தில் ஓசோன் ஓட்டை கண்டறியப்பட்டு, 1987-ல் மாண்ட்ரியல் உடன்படிக்கை ஏற்பட்ட காலத்தில் உலகம் இந்தக் கதிரைப் பற்றிப் பெரிதும் கவலைப்பட்டது. நம் பயிர்களும் பாசிகளும் அதற்குப் பல யுகங்களுக்கு முன்பே இதனோடு வாழப் பழகிவிட்டன.

காரைக்கால் கரையில் பாசி மிகக் குறைவு. பாசிக்கு வேர் இல்லை. பற்றிக்கொள்ளப் பாறை வேண்டும். நம் கரையோ மணலும், அரசலாறும் மற்ற ஆறுகளும் கொண்டுவந்து சேர்க்கும் வண்டலும். முகத்துவாரத்தில் கொட்டியுள்ள கற்களில் பச்சைப் பாசி ஒட்டியிருப்பதைக் காணலாம், அவ்வளவுதான். கலங்கிய ஆற்று நீரே புற ஊதாக் கதிரை மேல்மட்டத்திலேயே தடுத்துவிடுகிறது. தெற்கே மண்டபம், பாம்பன், இராமேசுவரம் பக்கம் நிலைமை வேறு. அங்கே பவளப் பாறைத் திட்டுகள் உண்டு. நீர் தெளிவாக இருக்கும். தெளிந்த நீரில் இந்தக் கதிர் பல மீட்டர் ஆழம் வரை இறங்கும். நீர் வற்றும் வேளையில் பாறை மீதுள்ள பாசி வெட்டவெளியிலேயே கிடக்கும். ஓடி ஒளிய அதற்குக் காலும் இல்லை. ஆதலால் அது தனக்கு வேண்டிய குடையைத் தானே செய்துகொள்கிறது.

மூன்று நிறம், மூன்று வழி

செம்பாசிகளில் பல, 'மைக்கோஸ்போரின்' வகையைச் சேர்ந்த சிறு அமினோ அமிலங்களைத் தம் உயிரணுக்களுக்குள் உற்பத்தி செய்கின்றன. நிறமற்ற, நீரில் கரையும் பொருள்கள் இவை. 310 முதல் 360 நானோமீட்டர் வரையுள்ள கதிரை உறிஞ்சி, தீங்கற்ற வெப்பமாக மாற்றி வெளியேற்றிவிடும். உணவு தயாரிக்க வேண்டிய வெளிச்சத்தை இவை மறிப்பதில்லை. ஜப்பானியர் 'நோரி' என்று உண்ணும் போர்ஃபைரா பாசியில் இந்தப் பொருள் மிக அதிகம். கன்னியாகுமரிப் பாறைகளிலும் போர்ஃபைரா இனம் ஒன்று உண்டு.

எல்லாச் செம்பாசிகளும் ஒரே மாதிரி அல்ல. விஞ்ஞானிகள் அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். ஆழத்திலேயே வாழும் சில, இந்தப் பொருளை உற்பத்தி செய்வதே இல்லை. மேல்மட்டத்தில் வெயிலிலேயே வாழும் சில, எப்போதும் அதை நிறைய வைத்திருக்கின்றன. நடுத்தரமானவை வெயில் கூடும்போது கூட்டிக்கொள்கின்றன, குறையும்போது குறைத்துக்கொள்கின்றன. ஜெர்மனியின் ஹெல்கோலாந்து தீவில் ஆழத்தில் வளர்ந்த 'காண்டிரஸ்' என்னும் செம்பாசியை மேல்மட்ட வெயிலில் வைத்துச் சோதித்தார்கள். சில நாட்களிலேயே காப்புப் பொருள் பெருகிவிட்டது. முதல் வகையைச் சேர்ந்த பாசியை இவ்வாறு திடீரென்று மேலே கொண்டுவந்தால் அது பிழைப்பது கடினம்.

பழுப்புப் பாசிகளின் வழி வேறு. மன்னார் வளைகுடாவில் மீனவப் பெண்கள் கட்டக்கோரை என்றும் பக்கோடாப் பாசி என்றும் சொல்லிச் சேகரிப்பவை இந்த இனம். இவை துவர்ப்புப் பொருள்களை உண்டாக்குகின்றன. கடுக்காயிலும் கருவேலம் பட்டையிலும் உள்ள துவர்ப்புக்கு இவை உறவு என்று சொல்லலாம். மேல்தோலை ஒட்டிய உயிரணுக்களில் சிறு உருண்டைகளாக இவற்றைச் சேர்த்து வைத்துக் கதிரை உறிஞ்சிக்கொள்கின்றன. சில இனங்கள் இந்தத் துவர்ப்பைச் சுற்றியுள்ள நீரிலும் கசியவிடுகின்றன. கதிரினால் மிக எளிதில் சாவது பாசியின் வித்துகளே; நீரில் கசியும் துவர்ப்பு அவற்றுக்கும் ஓரளவு நிழலாகிறது.

பச்சைப் பாசிகளில் பெரும்பாலானவற்றுக்கு இத்தகைய குடை கிடையாது. அவை வேகமாக வளர்ந்து ஈடு செய்கின்றன. ஸ்பெயின் நாட்டின் தென் கரையில் காடிஸ் பகுதியில், 'உல்வா' என்னும் இலைப் பாசி அடுக்கடுக்காகப் படர்ந்திருப்பதை ஆராய்ந்தார்கள். மேலடுக்கு வெளுத்துப் போகிறது. அதன் நிழலில் கீழடுக்கு பிழைத்துக்கொள்கிறது. கூட்டமாக நின்று, முன்னே நிற்பவன் அடி வாங்கிப் பின்னே நிற்பவனைக் காப்பது போன்ற ஏற்பாடு இது.

காயத்துக்கு வைத்தியம்

குடை பிடித்தாலும் சாரல் அடிக்கத்தான் செய்யும். தப்பி நுழையும் கதிர் மரபுப் பொருளில் காயம் உண்டாக்கும். அதைச் சரிசெய்ய 'போட்டோலயேஸ்' என்னும் நொதியைப் பாசிகள் வைத்திருக்கின்றன. இந்த நொதி வேலை செய்யச் சூரிய வெளிச்சத்தின் நீல நிறப் பகுதியே சக்தி தருகிறது. காயப்படுத்தும் சூரியனே மருந்துக்கும் விறகு கொடுக்கிறது என்று சொல்லலாம்.

இதே நொதி நம் நெற்பயிரிலும் இருக்கிறது. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் நெல் இரகங்களைப் புற ஊதா 'பி' கதிரில் வளர்த்து ஒப்பிட்டார்கள். சசானிஷிகி என்ற இரகம் தாங்கியது, நோரின்-1 தளர்ந்தது, சுர்ஜம்கி என்ற இந்திய இரகம் அதைவிடத் தளர்ந்தது. காரணம் தேடியபோது, இந்தப் பழுது பார்க்கும் நொதியின் அமைப்பில் உள்ள சிறு வேறுபாடே என்று தெரிந்தது. நெல்லுக்கும் பயறுக்கும் கதிரை உறிஞ்சும் குடையும் உண்டு. இலையின் மேல்தோலில் அவை சேர்த்து வைக்கும் ஃபிளேவனாய்டு என்னும் பொருள்களே அவை. ஆக, பாசியிடம் கடன் வாங்க வேண்டிய நிலையில் நம் பயிர்கள் இல்லை.

குடை செய்யக் கூலி

இங்கே விவசாயி கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. செம்பாசியின் காப்புப் பொருளில் தழைச்சத்து அடங்கியுள்ளது. போர்ஃபைரா பாசிக்கு அம்மோனிய வடிவில் தழைச்சத்து கொடுத்தபோது காப்புப் பொருள் கூடியது. பட்டினி கிடக்கும் பாசியால் குடை செய்ய முடியாது.

நிலத்துப் பயிரிலும் இதே கதைதான். துத்தநாகம், சாம்பல் சத்து, மக்னீசியம் ஆகியவை பற்றாத பயிரின் இலை, கடும் வெளிச்சத்தில் விரைவில் வெளுத்துக் கருகும். நிழலில் இருக்கும் அதே பயிரின் இலை அவ்வளவு பாதிக்கப்படுவதில்லை. வெயிலில் கருகிவிட்டது என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி, உண்மையில் சத்துக் குறைவினால் வெயிலைத் தாங்க முடியாமற் போனதே. டெல்டா நெல் வயல்களில் துத்தநாகக் குறைவு புதிய செய்தி அன்று.

பாட்டிலில் என்ன இருக்கிறது?

இனி பாட்டிலுக்கு வருவோம். பிலிப்பைன்ஸ் கடலுக்கு உரிய 'காப்பாபைகஸ்' என்னும் செம்பாசி, 1995-க்குப் பின் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்தின் முயற்சியால் மண்டபம் பகுதியில் வளர்க்கப்பட்டது. மூன்று மீட்டர் சதுர மூங்கில் தெப்பங்களில் கட்டி, 45 நாட்களில் அறுவடை செய்கிறார்கள். புதிய பாசியை அரைத்துப் பிழிந்து சாறும், மிஞ்சிய சக்கையிலிருந்து கராகீனன் என்னும் பசைப் பொருளும் எடுக்கும் முறையை இந்த நிலையமே கண்டறிந்தது. சாற்றில் சாம்பல் சத்தும், நுண்ணூட்டங்களும், சிறிதளவு வளர்ச்சி ஊக்கிகளும் உள்ளன. சிபாரிசு செய்த உரத்தோடு கூடுதலாக இதைத் தெளித்தபோது நெல் முதலிய பயிர்களில் மகசூல் உயர்ந்ததாகப் பல வயல் சோதனைகள் காட்டியுள்ளன. வறட்சியில் நின்ற மக்காச்சோளத்திலும் நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். இவற்றை மறுப்பது நியாயமாகாது.

ஆனால் இந்தப் பலன்கள் எல்லாம் சாறு பயிரைத் தூண்டி, பயிர் தன் வேலையைத் தானே செய்வதால் வருபவை. இலையின் மீது குடை விரிப்பதால் வருபவை அல்ல. அந்தக் காப்பாபைகஸ் பாசியே கோடையில் படும் பாட்டைப் பார்த்தால் இது விளங்கும். நீர் சூடேறி, வெயில் மிகுந்து, உப்பின் அளவு மாறும்போது பாசி தளர்ந்துவிடுகிறது. அதில் நுண்ணுயிர்கள் புகுந்து கிளைகள் பனிக்கட்டி போல வெளுத்து முறிந்து விழுகின்றன. பாசி வளர்க்கும் நாடுகள் அனைத்துக்கும் தெரிந்த நோய் இது. தன் குடையால் தன்னையே முழுவதும் காத்துக்கொள்ள இயலாத பாசியின் சாறு, சித்திரை வெயிலில் நம் உளுந்தைக் காக்கும் என்று எப்படி நம்புவது?

ஒரு சிறு கணக்கு

பாட்டிலுக்குச் சாதகமாகவே கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரை லிட்டர் பாட்டிலில் 150 கிராம் திடப்பொருள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது முழுவதும் மிகச் சிறந்த போர்ஃபைராவின் சத்து என்றே கொள்வோம். உலர்ந்த போர்ஃபைராவில் காப்புப் பொருள் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். அப்படியானால் பாட்டிலில் ஒன்றரை கிராம். ஓர் ஏக்கர் சுமார் 4,000 சதுர மீட்டர். நன்கு தழைத்த பயிரின் இலைப் பரப்பு நிலப் பரப்பைப் போல் மூன்று மடங்கு, அதாவது 12,000 சதுர மீட்டர் என்று கொள்ளலாம். ஒன்றரை கிராமைப் பங்கிட்டால், ஒரு சதுர மீட்டர் இலைக்கு ஒரு மில்லிகிராமில் எட்டில் ஒரு பங்கு வருகிறது.

போர்ஃபைராச் சத்தைக் கொண்டு வெளிநாடுகளில் வெயில் தடுப்பு முகப்பூச்சு தயாரிப்பது உண்மையே. ஆனால் அத்தகைய பூச்சுகளைச் சோதிக்கும்போது, தோலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். அது ஒரு சதுர மீட்டருக்கு 20 கிராம் ஆகிறது. எட்டில் ஒரு மில்லிகிராம் எங்கே, 20 கிராம் எங்கே! அத்துடன் இந்தப் பொருள் நீரில் கரைவது. பாசிக்குள் அது உயிரணுவில் பத்திரமாக இருக்கிறது; இலை மேல் தெளித்தால் ஒரு மழைத் தூறலில் போய்விடும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்தக் குடை புற ஊதாக் கதிருக்கு மட்டுமே. கோடையில் நம் பயிர் வாடுவது பெரும்பாலும் வெப்பத்தாலும் நீர்ப் பற்றாக்குறையாலும். கடைமடைக்குத் தண்ணீர் வராத குறையை எந்தப் பாட்டிலும் தீர்க்காது.

பாசியிடம் கற்க வேண்டியவை

வாங்குவதற்குப் பதில் கற்றுக்கொண்டால் பாசி நமக்கு நல்ல ஆசான்.

முதலாவது, வெயிலுக்குப் படிப்படியாகப் பழக்குதல். ஆழத்துப் பாசியைத் திடீரென மேலே கொண்டுவந்தால் அது வெளுப்பது போலவே, நிழல்வலையில் வளர்ந்த மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுகளைக் குழித்தட்டோடு வாங்கிவந்து அன்றே நண்பகலில் நட்டால் வெளுத்துவிடும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே காலை வெயில், பிறகு அரை நாள் வெயில் என்று பழக்கிவிட வேண்டும். மாலை வேளையில் நடுவது நல்லது.

இரண்டாவது, குடை செய்யச் சத்து கொடுத்தல். மண் பரிசோதனை செய்து பார்த்து, துத்தநாகம் குறைவாக இருந்தால் நெல் நடவின்போது ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலோடு கலந்து மேலாக இடலாம். சூப்பர் பாஸ்பேட், டி.ஏ.பி. உரங்களோடு அதைக் கலக்கக் கூடாது. உளுந்து, பயறுக்குப் பூக்கும் தருணத்திலும் 15 நாள் கழித்தும் 2 சத டி.ஏ.பி. கரைசல் தெளிப்பது நெடுநாளாகப் பலன் கண்ட முறை. பாசிச் சாறு வாங்கியதால் இதை விட்டுவிடுவது, முதலைத் தொலைத்து வட்டியைத் தேடுவதாகும்.

மூன்றாவது, உல்வாவைப் போலக் கூட்டமாக நிற்றல். செடி எண்ணிக்கை சரியாக இருக்கும் உளுந்து வயலில் இலைகள் நிலத்தை மூடி மண்ணின் ஈரத்தைக் காக்கும். விதை நேர்த்தியிலும் விதை அளவிலும் மிச்சம் பிடிப்பது லாபம் ஆகாது.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

பாசிச் சாறு போன்ற உயிர் ஊக்கிகளை மத்திய அரசு 2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ்க் கொண்டுவந்தது. முன்பு சுமார் 30,000 சரக்குகள் கட்டுப்பாடின்றி விற்றன என்றும், பரிசீலனைக்குப் பின் 650 அளவுக்குக் குறைந்துவிட்டன என்றும் மத்திய வேளாண்மை அமைச்சர் 2025 ஜூலையில் தெரிவித்தார். மானிய உரத்தோடு வேறு சரக்கைக் கட்டாயமாகத் தள்ளிவிடுவதையும் அவர் கண்டித்தார். இது மத்திய ஆணை. காரைக்காலில் வாங்கினாலும், எல்லை தாண்டி நாகூரிலோ பொறையாற்றிலோ வாங்கினாலும் ஒரே சட்டம்தான். எனவே பாட்டில் வாங்கும் விவசாயி, ரசீது கேட்டு வாங்க வேண்டும். எந்தப் பயிருக்கு, என்ன அளவு என்று சீட்டில் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். சீட்டில் இல்லாத வாக்குறுதியைக் கடைக்காரர் வாயால் சொன்னால், அதையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லலாம். எழுதித் தர மாட்டார்.

செருமாவிலங்கையில் பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரியும், மாதூரில் வேளாண் அறிவியல் நிலையமும் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. கடைமடை விவசாயியின் வயலிலேயே, அவர் கண் முன்னே, பாசிச் சாறு தெளித்த பாத்தியும் தெளிக்காத பாத்தியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உளுந்திலும் பருத்தியிலும் சோதனை நடத்தி, மகசூல் வித்தியாசத்தையும் செலவையும் இவை பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். லாபம் இருந்தால் விவசாயி தானாகவே வாங்குவார்; இல்லையேல் அவர் காசு மிஞ்சும்.

அதுவரை ஒவ்வொருவரும் தம் வயலிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு பாத்திக்குச் சாறு, அடுத்த பாத்திக்கு வெறும் தண்ணீர், மூன்றாவது பாத்திக்கு எதுவும் இல்லை. அறுவடையில் மூன்றையும் தனித்தனியே தூற்றி எடை போட்டுப் பார்க்க வேண்டும். கடைக்காரர் சொல்லையும் நம்ப வேண்டாம், இந்தக் கட்டுரையையும் நம்ப வேண்டாம், தராசை நம்பலாம்.